முதல் தண்ணி

ஓட்டல் விரிப்புகள் வந்து இறங்குகிற நாளில் சலவை மாஸ்டர் முகத்தைப் பார்க்கணும். மூட்டையைப் பிரித்து, கறை பார்த்துத் தரம் பிரித்து, சோப்புக் காரம் போட்டு, பெரிய மெஷினில் திணித்துக் கதவைச் சாத்துவார். அது ஒரு சுற்று ஓடி முதல் தண்ணியை வெளியே விடுகிற நேரத்துக்கு, கூடத்தில் எந்த மூலையில் இருந்தாலும் வந்து நின்றுவிடுவார். தரையில் வெட்டின வாய்க்காலில் அந்தத் தண்ணி கறுப்பாக, நுரையும் நாற்றமுமாக ஓடும். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். மாஸ்டர் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு சிரிப்பார்.

"பாத்துக்கோ. கறுப்பா வந்தாத்தான் துணி பொழைச்சுது. தெளிவா வந்தா அழுக்கு உள்ளேயே உக்காந்திருக்குன்னு அர்த்தம்."

இந்த ஒன்றை வைத்துக்கொண்டுதான் அவர் உலகத்தையே அளந்தார். காய்ச்சலில் யாருக்காவது வியர்த்துக் கொட்டினால் சந்தோஷப்படுவார். வயிற்றுப்போக்கு என்றால் "போகட்டும், போகட்டும், தடுக்காதே" என்பார். அழுகிற ஆளைத் தேற்றவே மாட்டார், அழுது முடிக்கட்டும் என்று விட்டுவிடுவார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. மீசை அரும்பின வயசிலிருந்து அந்தச் சலவைக் கூடத்தில்தான் கிடக்கிறார். அவர் கைக்கு வராத கறை இல்லை என்று முதலாளியே வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார்.

அவர் மனைவிக்கும் அதே கூடம்தான். மறுகோடியில், ஜன்னலை ஒட்டின இஸ்திரி மேசை. கூடத்தில் இருக்கிற அத்தனை பேருக்கும் அவள் அக்கா. அவள் வாயைத் திறந்தால் பக்கத்து மேசைக்காரிகள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் சிரிப்பார்கள், இல்லையென்றால் துணி கருகிவிடும்.

"எங்க வீட்டுக்காரருக்கு என்னையும் ஒரு தடவை மெஷின்ல போட்டு எடுக்கணும்னு ரொம்ப நாளா ஆசை. கதவு சின்னது, அதான் தப்பிச்சேன்" என்பாள்.

கூடத்துக்குப் பின்னால் வரிசை வீடுகள். அதில் ஒன்று அவர்களுடையது. ஒரு அறை, ஒரு சமையல் மூலை, எந்நேரமும் சோப்பு வாசம்.

அவளுக்கு முதலில் மக்கர் பண்ணினது விரல்கள்தான். காலையில் எழுந்தால் இரண்டு கையும் மூடின மேனிக்கு இருக்கும், திறக்காது. கணுக்கணுவாக வீங்கியிருக்கும். மாஸ்டர் வெந்நீர் வைத்து, கிண்ணத்தில் அவள் கையை முக்கி, ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிடுவார். கறை எடுக்கிற கை அல்லவா, பதம் தெரியும்.

"கட்டை விரல்லருந்து ஆரம்பிங்க. சுண்டு விரலைக் கடைசியில தொடுங்க. அவ கோவக்காரி" என்பாள். பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொல்வாள், கண்ணில் தண்ணி நிற்கும், ஆனாலும் சொல்வாள்.

பெட்டி பிடிக்க முடியாமல் ஒருநாள் காலில் போட்டுக்கொண்டாள். அன்றைக்குத்தான் மாஸ்டரே தெருக்கோடி மருந்துக்கடைக்குப் போனார். கடைக்காரர் நல்ல மாதிரி. சலவைக் கூடத்து ஆட்களுக்கு முதுகுவலி, கால்வலி எது வந்தாலும் அவர்தான் வைத்தியர். டப்பாக்களைத் திறந்து மஞ்சளில் ஒன்று, சிவப்பில் ஒன்று, சின்ன வெள்ளையில் ஒன்று என்று எடுத்துத் தாளில் மடித்துக் கொடுப்பார். பேர் சொல்ல மாட்டார். யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

மறுநாள் காலையில் அவள் தானாகக் கையை விரித்தாள். விரித்து, மூடி, விரித்து, சின்னப் பிள்ளை பொம்மையைப் பார்க்கிற மாதிரி தன் கையையே பார்த்தாள். "என்னங்க! இங்க பாருங்களேன்!" என்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா ஓடி வந்துவிட்டாள். அன்று அவள் தேய்த்து அடுக்கின விரிப்புகளைப் பார்த்து முதலாளியே அசந்துபோனார்.

அதற்கப்புறம் மஞ்சளும் சிவப்பும் இல்லாமல் இருந்தாலும் இருப்பாள், அந்தச் சின்ன வெள்ளை இல்லாமல் அவளுக்கு ஒரு பொழுதும் விடியவில்லை. வருஷக்கணக்கில் அப்படியே போயிற்று. முகம் உப்பிற்று. கன்னம் இரண்டும் பளபளவென்று வந்தன. பிடரியில் சதை வைத்தது. பசி என்றால் அப்படி ஒரு பசி. பார்த்தவர்கள் எல்லாம், "நல்லா பூசினாப்ல ஆயிட்டீங்களேக்கா, மாஸ்டர் என்ன ஊட்டுறார்?" என்று கேட்டார்கள். மாஸ்டருக்குப் பெருமை பிடிபடவில்லை. கையும் காலும் குச்சியாகிக்கொண்டு வந்ததையும், கூடையின் விளிம்பு பட்டாலே தோல் உரிந்து ஊதா நிறத்தில் ரத்தம் கட்டினதையும் யாரும் கணக்கில் எடுக்கவில்லை. மாஸ்டர் அடிக்கிறாரோ என்று கூட ஒருத்தி கிசுகிசுத்தாள். அது அக்கா காதுக்கும் வந்தது.

"அவரா? துணியையே அடிக்காம வெளுக்கிற மனுசன்டி" என்று சொல்லிச் சிரித்தாள்.

மகள் வெளியூரில் வாழ்க்கைப்பட்டவள், அங்கே ஒரு பொட்டலம் கட்டுகிற ஆலையில் வேலை. இரண்டு மூன்று வருஷம் கழித்து வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அம்மா! என்னம்மா இது மூஞ்சி?"

"ஏன், உங்கப்பனுக்குப் பிடிச்சிருக்கு. உனக்கென்ன?"

மகள் சிரிக்கவில்லை. தாளைப் பிரித்து மாத்திரையைப் பார்த்தாள். அப்பாவை வெளியே கூப்பிட்டாள். "அப்பா, இது ஸ்டீராய்டு. எங்க வீட்டுப் பெரியவருக்கு மூச்சிரைப்புக்குக் குடுத்தாங்க. அவருக்கும் இப்படித்தான் மூஞ்சி வீங்கிச்சு. நல்ல மருந்துதான், உயிரைக் காப்பாத்துற மருந்து. ஆனா டாக்டர் பாத்துப் பாத்துக் குடுக்கணும். இப்படி வருஷக்கணக்கா முழுங்கினா எலும்பைத் தின்னுடும், சர்க்கரை வந்துடும். பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. அவங்க சொல்ற மாதிரிதான் நிறுத்தணும். கேக்குதா?"

கேட்டது. எலும்பைத் தின்னுடும் என்கிற வரைக்கும் கேட்டது. அதற்கு மேலே அவருக்குக் காதில் ஒன்றும் ஏறவில்லை. இத்தனை நாள் தன் கையாலேயே வாங்கிக் கொடுத்தோமே என்பதிலேயே மனசு நின்றுவிட்டது.

ஆஸ்பத்திரி என்றதும் மனைவி ஒரே பிடியாக மறுத்துவிட்டாள். அதற்கு ஒரு கதை உண்டு. முன்னே ஒரு தடவை காலில் ஆறாத புண்ணுக்காகப் போயிருந்தாள். அங்கே இருந்த டாக்டர், கடையில் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறாள் என்று தெரிந்ததும் வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் பிடித்துக்கொண்டார். "உங்களுக்கெல்லாம் எதுக்கு டாக்டர்? கடைக்காரன்தானே டாக்டர்? அங்கேயே போங்க. சாகுற நேரத்துக்கு இங்க வந்து எங்க உயிரை வாங்குங்க." நாலு பேரைச் சிரிக்க வைக்கிறவள், வீடு வருகிற வரைக்கும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மாஸ்டர் கூடவே நடந்தார். அதை அவர் மறக்கவே இல்லை.

"ஆஸ்பத்திரியும் வேணாம், ஒண்ணும் வேணாம். நான் பாத்துக்கறேன்" என்றார் மகளிடம். மகள் ஊருக்குப் போகிறபோது திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டுத்தான் போனாள். அவர் தலையை ஆட்டினார்.

அவள் வண்டியேறின கையோடு, வீட்டிலிருந்த பொட்டலம் அத்தனையையும் எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனார். முதல் தண்ணி கறுப்பாக ஓடிக்கொண்டிருந்தது. அதில் கொட்டினார். சின்ன வெள்ளைகள் கொஞ்ச தூரம் மிதந்து போய்க் கரைந்தன. தொலைந்தது சனியன் என்று சொல்லிக் கையை உதறினார்.

அங்கிருந்து நேரே மருந்துக்கடை.

"இனிமே என் வீட்டுக்காரிக்கு அந்த வெள்ளை மாத்திரையைக் குடுத்தே, கடைக்குள்ள நீ இருக்க மாட்டே. ஆள் வெச்சு வாங்கினாலும் குடுக்கக் கூடாது."

கடைக்காரர் முகம் வெளிறியது. "மாஸ்டர், கோவப்படாதீங்க. நிறுத்துங்க, வேணாங்கல. ஆனா சட்டுனு நிறுத்தாதீங்க. ரொம்ப நாள் சாப்பிட்ட ஒடம்பு. அரையாக்கி, காலாக்கி, கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும். தாங்காது."

"அரையும் காலுமா இன்னும் எத்தனை நாளைக்கு எங்கிட்ட விக்கலாம்னு பாக்கிறே?"

"ஐயோ, வியாபாரத்துக்குச் சொல்லல மாஸ்டர், சத்தியமா…"

"நீ குடுத்ததைத் தின்னுதான் அவளுக்கு இந்தக் கதி. உன் புத்திமதி வேற எனக்கு வேணுமா?"

கடைக்காரர் சொன்னது சரியான பேச்சு. சொன்ன வாய்தான் சரியில்லை. மாஸ்டர் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

முதலில் வலி வந்தது. எங்கேயோ காத்துக்கொண்டிருந்த மாதிரி எல்லாக் கணுவிலும் ஒரே சமயத்தில் வந்து உட்கார்ந்தது. விரல்கள் மறுபடி மூடின. மாஸ்டர் மறுபடி வெந்நீர் வைத்தார்.

"ஒண்ணே ஒண்ணு குடுங்களேன். பாதியாவது."

"விஷம்டி அது."

"விஷம்தான் என்னை எந்திரிச்சு நடக்க வெச்சுது. இப்ப பாருங்க, சீப்பு கூடப் பிடிக்க வரல."

"கொஞ்சம் பொறுத்துக்கோ. உள்ள ஊறிக் கிடந்தது வெளிய வரணுமில்ல? முதல் தண்ணி இது. கறுப்பாத்தான் வரும்."

"நான் என்ன விரிப்பாங்க?" என்றாள். ஆனால் அவர் சீப்பை எடுத்தபோது தலையைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

அப்புறம் சோறு பிடிக்காமல் போயிற்று. அத்தனை பசியோடு இருந்தவள் ஒரு கவளத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருப்பாள். குமட்டினாள். வாந்தி எடுத்தாள். எழுந்து நின்றால் தலை சுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். மாஸ்டர் வாந்தியை அள்ளிக் கொட்டினார், தரையைக் கழுவினார், முகம் துடைத்துவிட்டார். உள்ளுக்குள் அவருக்குச் சந்தோஷம். வருகிறது, வெளியே வருகிறது என்று நினைத்தார். முகத்து உப்பல் கூடக் கொஞ்சம் வடிந்த மாதிரி அவர் கண்ணுக்குத் தெரிந்தது. கூடத்தில் எல்லாரிடமும் சொன்னார், "நாலு நாள்ல பாருங்க, பழைய ஆளா வருவா."

இஸ்திரி மேசை காலியாகக் கிடந்தது. பக்கத்து மேசைக்காரிகள் சிரிக்காமல் வேலை பார்த்தார்கள்.

அவர் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து அவள் தையல்காரம்மாவைக் கூப்பிட்டு மருந்துக்கடைக்கு அனுப்பியிருக்கிறாள். தையல்காரம்மா கையை விரித்துக்கொண்டு திரும்பினாள். கூடத்துக்கே வந்து மாஸ்டரிடம் சொன்னாள்.

"கடைக்காரர் குடுக்க மாட்டேன்னுட்டார், உங்களுக்குப் பயந்துக்கிட்டு. ஆனா அக்காவை உடனே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லுன்னு அடிச்சுச் சொல்றார், மாஸ்டர். அவர் மூஞ்சியே சரியில்ல."

"உன்னை யாரு அங்க போகச் சொன்னா? உதவி பண்றதா நெனச்சுக் கெடுத்துடாதே. போ, போயி உன் வேலையைப் பாரு."

அவள் போகாமல் நின்றாள். "அக்காவுக்குப் பேச்சே கொழறுது மாஸ்டர்."

"கொழறும். எல்லாம் சரியாகும்."

அந்தச் சமயம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. துணி காயாமல் கூடம் முழுக்க ஈர வாடை. வரிசை வீடுகளில் ஒவ்வொருவராகச் சளிக் காய்ச்சலில் விழுந்தார்கள், எழுந்தார்கள். அவளுக்கும் வந்தது. மற்றவர்கள் எழுந்துவிட்டார்கள், அவள் எழவில்லை.

அன்று காலை அவர் வெந்நீர்க் கிண்ணத்தோடு வந்து உட்கார்ந்தபோது அவள் கை சில்லென்று இருந்தது. உடம்பெல்லாம் பிசுபிசுவென்று வியர்வை. வியர்வையைப் பார்த்து அவருக்கு அன்றைக்குச் சந்தோஷம் வரவில்லை.

"இந்தா… இங்க பாரு. என்ன பண்ணுது?"

கண்ணைத் திறந்தாள். அவரைத் தாண்டி எதையோ பார்த்தாள். "பெட்டி சூடாயிடுச்சா?" என்றாள்.

அவர் கூடத்துக்கு ஓடி ஆட்களைக் கூட்டிவந்தார். விரிப்பு கொண்டுபோகிற வண்டியில், சலவை மூட்டைகளுக்கு மேலேயே அவளைக் கிடத்திக் கொண்டுபோனார்கள். வழியெல்லாம் தையல்காரம்மா அவள் காலைத் தேய்த்துக்கொண்டே வந்தாள். மகளுக்குத் தகவல் சொன்னவளும் அவள்தான்.

ஆஸ்பத்திரியில் இருந்தது வேறு டாக்டர், சின்ன வயசுப் பெண். விரட்டவில்லை, திட்டவில்லை. ரத்த அழுத்தம் பார்த்தாள், மறுபடி பார்த்தாள், நர்சைக் கூப்பிட்டு உப்புத் தண்ணி ஏற்றச் சொன்னாள். பிறகு மாஸ்டரிடம் வந்தாள்.

"அழுத்தம் ரொம்பக் கீழ போயிருக்குங்க. அம்மா ஏதாவது மாத்திரை தொடர்ந்து சாப்பிடுறாங்களா? மூட்டுவலிக்கு, மூச்சுக்கு, தோலுக்கு, எதுக்காவது?"

வரிசையில் ஆட்கள் நின்றார்கள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் கட்டிலைத் திரும்பிப் பார்த்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவள் நடந்த நடை அவர் கண்ணுக்குள் வந்தது. இந்தக் கிடையிலுமா இவளை இன்னொரு தடவை திட்டு வாங்க வைப்பது? அது மட்டுமா, இப்போதுதான் அவள் ஒன்றையும் சாப்பிடவில்லையே. எல்லாவற்றையும் அவர்தான் நிறுத்திவிட்டாரே.

"இல்லம்மா. எந்த மாத்திரையும் கிடையாது."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. முகத்தைப் பாத்தா சந்தேகமா இருக்கு. அதுக்குத் தக்கபடிதான் மருந்து குடுக்கணும்."

"அவ ஒடம்பு வாகே அப்படிம்மா. மாத்திரைன்னாலே அவளுக்கு ஆகாது."

டாக்டர் ஒரு கணம் அவரையே பார்த்தாள். பிறகு, காய்ச்சல் கிருமி ரத்தத்தில் கலந்திருக்கும் போல என்று நர்சிடம் சொல்லி அதற்கு மருந்து எழுதினாள். தையல்காரம்மா அப்போது சீட்டு வாங்கப் போயிருந்தாள்; மாத்திரை விஷயத்தை மாஸ்டர் சொல்லியிருப்பார் என்றே இருந்துவிட்டாள். மாஸ்டர் வெளிச் சுவரில் சாய்ந்து நின்றார். மனைவியை யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிடவில்லை. அந்த மட்டும் நிம்மதியாகத்தான் இருந்தது அவருக்கு.

உப்புத் தண்ணி பாட்டில் பாட்டிலாக இறங்கிற்று. அழுத்தம் ஏறவில்லை.

மகள் வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வந்தவள் அம்மாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள்.

"அப்பா. அந்த மாத்திரை?"

"நிறுத்திட்டேன் கண்ணு. நீ சொன்ன அன்னிக்கே நிறுத்திட்டேன். ஒண்ணு விடாம."

"டாக்டர்ட்டக் கேட்டா நிறுத்தினீங்க?"

அவர் கட்டிலைப் பார்த்தார். மகள் அலறிக்கொண்டு ஓடினாள். அப்புறம் நடந்ததெல்லாம் ஓட்டமும் சத்தமுமாக இருந்தது. அந்தச் சின்ன டாக்டர் ஓடி வந்தாள், தன் கையாலேயே ஊசியை எடுத்தாள், ஏற்றினாள். மாஸ்டர் நர்சின் பின்னாலேயே போனார்.

"என்ன ஊசிம்மா அது?"

"அதே மருந்துதாங்க. நீங்க நிறுத்தினீங்களே, அந்த வகை. ஒடம்பு அதைத் தானா சுரந்துக்கும். மாத்திரையே வந்துக்கிட்டிருந்தா, நமக்கென்னன்னு சுரக்கிறதை விட்டுடும். மாத்திரையும் திடீர்னு நின்னா உள்ள ஒண்ணுமே இருக்காது. அதனாலதான் கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கணும்கிறது."

அரையாக்கி, காலாக்கி. கடைக்காரர் சொன்னது இப்போதுதான் அவர் காதில் ஏறியது.

ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. மாஸ்டர் ஓடிப்போய்க் குனிந்தார். அவள் அடையாளம் கண்டுகொண்டாள். உதடு அசைந்தது.

"இப்ப எத்தனாவது தண்ணிங்க?"

கேலியாகக் கேட்டாளா, நிஜமாகவே கேட்டாளா என்று அவருக்குத் தெரியவில்லை. "முடிஞ்சுதும்மா, முடிஞ்சுது. தெளிஞ்சிடுச்சு" என்றார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வெளியே விளக்குப் போடுகிற நேரத்துக்கு மூச்சு நின்றுவிட்டது.

மகள் டாக்டரின் வெள்ளைக் கோட்டைப் பிடித்து உலுக்கினாள்.

"காலையிலேருந்து கிடத்தி வெச்சிருந்தீங்களே! மாத்திரை ஏதும் சாப்பிடுறாங்களான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? ஒரே ஒரு வார்த்தை! எங்கம்மா மூஞ்சியைப் பாத்தா உங்களுக்குத் தெரியலையா? நீங்கல்லாம் என்னத்தைப் படிச்சீங்க?"

டாக்டர் கோட்டை விடுவித்துக்கொள்ளவில்லை. மகளின் தோளுக்கு மேலாக மாஸ்டரைப் பார்த்தாள். அவளுக்கும் கண் கலங்கியிருந்தது. அவள் சொல்ல மாட்டாள் என்று அவருக்குப் புரிந்தது. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், பழி அவளோடு போய்விடும். மகள் அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுவாள்.

"கேட்டாங்க கண்ணு" என்றார் மாஸ்டர்.

மகள் திரும்பினாள்.

"ரெண்டு தடவை கேட்டாங்க. நான்தான் இல்லன்னேன். அவளைத் திட்டிடுவாங்களோன்னு இல்லன்னேன்."

மகளின் கை கோட்டிலிருந்து நழுவிற்று. அவள் அவரிடம் வரவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தையல்காரம்மா வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

மாஸ்டர் கட்டிலில் உட்கார்ந்தார். அவள் விரல்கள் மூடியே இருந்தன. மேசையில் ஒரு குவளையில் தண்ணி இருந்தது, பச்சைத் தண்ணி. அதில் தன் கையை நனைத்து, அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு, கட்டை விரலிலிருந்து ஆரம்பித்தார். ஒவ்வொன்றாகப் பிரித்தார். சுண்டு விரல் வந்ததும் நிறுத்தினார். அதைத் தொட அவருக்குப் பயமாக இருந்தது.

"என்னப்பா பண்றீங்க?" என்றாள் மகள், சுவரைப் பார்த்தபடியே.

"வலிக்குமேன்னு பாக்கிறேன்" என்றார்.